ஆடி பிறக்குமுன் ஒரு திறப்பு

பதினேழாவது கடையும் சரிவராமல் போன பிற்பகலில், புரோக்கர் என்னை வெள்ளவத்தையில் காலி வீதியின் கடற்கரைப் பக்கமாக நடத்திக்கொண்டு போய், ஒரு மூடிய ஷட்டரின் முன் நிறுத்தினார். ஒழுங்கை ஒன்றின் முனையில் இருந்த கடை. ஒருபக்கம் சேலைக் கடை, மறுபக்கம் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை. அகலத்தைக் காலால் அளந்து பார்த்தேன், ஒன்பதடி.

"அண்ணே, இதும் சரிவரல்லன்னா நீங்க கடலுக்குள்ளதான் கடை போடணும்" என்றார் புரோக்கர். "ரோட்டு முடிஞ்சிருச்சு."

அவர் கொட்டாஞ்சேனைக்காரர். எங்கள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி இருந்தவர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், ஆனால் அன்று அவரும் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோட்டையில் நான் கணக்கு லிகிதராக இருந்த கந்தோர் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் எண்ணுவதுதான். இன்றைக்கும் மனம் பதறினால் எதையாவது எண்ணத் தொடங்கிவிடுவேன். பேருந்தில் இருந்தால் தூண்களை, ஆஸ்பத்திரியில் இருந்தால் கூரைத் தகடுகளை. என் மனைவிக்கு இது பிடிக்காது. "எண்ணினா குறையுமே?" என்று கேட்பாள்.

ஆனால் என் கையில் ஒன்று இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் விண்ணப்பித்த தொலைபேசி இணைப்புகள் இரண்டு ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தொலைபேசி கிடைப்பது பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பதைவிடக் கடினம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இருந்த லொட்ஜுகள் முழுவதும் வடக்கிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்தவர்கள். கனடாவுக்கும் லண்டனுக்கும் அவர்கள் கதைக்க வேண்டும், அங்கிருந்து வரும் அழைப்பைக் கேட்க வேண்டும். இரண்டு தொலைபேசியும் இரண்டு பலகைப் பெட்டிகளும் வைத்து ஒரு 'கொமினிகேசன்' நடத்தினால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஜூலை முடிவதற்குள் கடை முகவரி கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்புகள் அடுத்த விண்ணப்பக்காரருக்குப் போய்விடும். தொலைபேசிக் கந்தோரில் அதைச் சொன்ன அலுவலர் பேனையைக் கூட மூடவில்லை. அடுத்த பெயரை எழுதத் தயாராக வைத்திருந்ததுபோல எனக்குப் பட்டது.

கடை கேட்டுப் போன இடங்களில் முதல் கேள்வி எல்லாரிடமும் ஒன்றுதான். "ஊர் எது?"

"கொட்டாஞ்சேனை."

"அது இருக்கிற இடம். ஊர்?"

வடக்கில் இருக்கும் என் ஊரைச் சொன்ன பிறகு தேநீர் வரும், கடை வராது. சிலர் ஓம் என்றும் சொன்னார்கள். ஆனால் நகரத்தில் எங்கேயாவது ஒரு வெடிச்சத்தம் கேட்டால், அடுத்த நாள் அவர்களுக்கு மருமகன் ஒருவர் திடீரென்று முளைத்துவிடுவார், கடை அவருக்குத் தேவைப்படும். அந்த ஆனி மாதத்தில் மட்டும் ஐந்து மருமகன்மார் முளைத்ததை நான் எண்ணியிருக்கிறேன்.

ஒழுங்கை முனைக் கடையின் சொந்தக்காரி மேல்மாடியில் இருந்தார். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை, விதவை. எல்லாரும் அவரை டீச்சர் என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவர் சிங்களத்தில் கதைத்தார். எனக்கு நினைவிருக்கிற வரையில் தமிழில் எழுதுகிறேன்.

அவர் ஊரைக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மரியாதையாக, "மாத்தயா எப்போ போவீங்க?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "இப்பதானே டீச்சர் வந்தனான்."

"இப்போ போறதைக் கேட்கல்ல. கடையை விட்டு எப்போ போவீங்க?"

புரோக்கர் என் காதருகே குனிந்து கதையைச் சொன்னார். அந்தக் கடையில் முன்பு ஒரு தையற்காரர் இருந்தார். வாடகைச் சட்டத்தின்படி உள்ளே இருப்பவரை எழுப்புவது லேசான காரியமல்ல. எழுத்து எதுவும் இல்லாமல் நம்பிக் கொடுத்த கடையில் அவர் பழைய வாடகையோடு இருபது வருடம் இருந்தார். கடைசியில் வேறு இடத்தில் பெரிய கடை போட்ட பிறகும், உடைந்த தையல் மெஷின் ஒன்றை மூலையில் விட்டுவிட்டு, அதைக் காட்டியே கடை இன்னும் தன் வசம்தான் என்று வழக்காடினாராம். டீச்சரின் கணவர் அந்த வழக்கின் நடுவில் இறந்துபோனார்.

"ரெண்டு வருஷம்" என்றேன். "எழுதித் தாறன்."

"எழுதினதுக்குப் பிறகுதான் பூட்டுத் திறப்பு கையில" என்றார் டீச்சர். "எழுதாம ஒரு கதிரை கூட உள்ளே வைக்க ஏலாது. ஒரு தும்புத்தடி கூட."

எனக்கு அந்த ஒழுங்கு பிடித்தது. ஒருவருடைய பயம் எதில் என்று தெரிந்தால் கணக்கு நேராக வரும். முற்பணம் பேசினோம், வாடகை பேசினோம். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் திரும்புவார். திங்கட்கிழமை காலை உறுதி எழுதுவதென்று முடிவாயிற்று. அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கலண்டரின் முன் போய் நின்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆடி பிறக்க இருந்தது.

"உங்களுக்கு விசரே?" என்றாள். "ஆடியில ஆரும் கடை தொடங்குவினமே?"

"உறுதி எழுதிறதுதானே. ஆவணியில பால் காய்ச்சுவம்."

"ரெலிபோன்காரன் ஆவணி மட்டும் இருப்பானே?"

ஜூலை மாதமென்றாலே எங்கள் ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கிற காலம் அது. எண்பத்துமூன்றில் அந்த மாதத்தில் காலி வீதியில் எரிந்த கடைகளை அவளும் பார்த்தவள், நானும் பார்த்தவன். ஜூலையில், அதுவும் ஆடியில், பால் பொங்காத கடைக்குள் போய் இருக்கச் சொல்லி நான் அவளைக் கேட்க முடியாது. கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டு வந்தாள். ஆடிக்கு முன் ஒரு நல்ல நேரம்தான் மிச்சம் இருந்தது: வியாழக்கிழமை காலை, ஒன்பது மணிக்குச் சற்றுப் பிறகு.

புதன்கிழமை நான் மட்டும் டீச்சரிடம் போனேன். படிக்கட்டில் பதினான்கு படி. ஏறும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு வசனத்தைத் தயார் செய்தேன். மேலே போனதும் எல்லாம் மறந்துபோய், "நல்ல நேரம் ஒன்று இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் எழுந்து போய்த் தன்னுடைய பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். நெக்கத் என்று அவர் சொல்லும் நல்ல நேரம் எங்கள் ஐயர் சொன்னதிலிருந்து சில நிமிடங்கள்தான் தள்ளி இருந்தது. அதில் அவருக்கு ஒரு திருப்தி. பால் பொங்காத இடத்தில் அவர்களும் குடியேறுவதில்லை. ஆனால் திறப்பை மேசையில் வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"பால் மட்டும்" என்றார்.

"பால் மட்டும்."

"சட்டி, அடுப்பு, விளக்கு, எல்லாம் உங்களோட திரும்பிப் போகணும். ஒரு நெருப்புக்குச்சி மிஞ்சக் கூடாது. பொங்கினதும் பூட்டித் திறப்பு என் கையில. திங்கட்கிழமை வரைக்கும் நீங்க யாரோ, நான் யாரோ."

கையை எடுத்தார்.

வியாழக்கிழமை நாங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தோம். மனைவி மடியில் சட்டி, என் மடியில் மண்ணெண்ணெய்க் குக்கர் அடுப்பு. வழியில் மூன்று சோதனைச் சாவடி. மூன்றிலும் இறங்கி, அடையாள அட்டை காட்டி, குக்கரைத் திறந்து காட்டி, மறுபடி ஏறினோம். மூன்றாவது இடத்தில் ஒரு சிப்பாய் எண்ணெயை மணந்து பார்த்துவிட்டு, "சமைக்கவா, கொளுத்தவா?" என்று கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

புரோக்கர் எங்களுக்கு முன்னமே வந்து வாசலில் நின்றார். ஷட்டரைத் தூக்கினோம். வெறும் சீமெந்துத் தரை, மூலையில் தையல் மெஷின் இருந்த இடத்தில் நாலு துருப்பிடித்த புள்ளிகள். மனைவி பிள்ளையார் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, விளக்கை ஏற்றினாள். அணைந்தது. மறுபடி ஏற்றினாள். அணைந்தது.

ஆடி பிறக்க முன்னமே ஆடிக் காற்று வந்துவிட்டது. பின்சுவரின் காற்றுப்போக்கியில் கண்ணாடி உடைந்திருந்தது. கடலிலிருந்து வந்த காற்று அந்த ஓட்டையால் நுழைந்து, கடைக்குள் ஒரு சுழற்சி சுழன்று, வாசலால் வெளியேறியது. குக்கரின் திரி பிடித்துக் கறுப்புப் புகை கக்கி அணைவதும், நான் மறுபடி கொளுத்துவதுமாக ஐந்து நெருப்புக்குச்சி போய்விட்டது. நேரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது.

"ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க அண்ணே" என்றார் புரோக்கர். "காத்துக்குப் போக வழியில்லன்னா வராது."

சரியாகத்தான் சொன்னார். முழங்கால் உயரத்துக்கு இறக்கியதும் காற்று நின்றது, சுவாலை நிமிர்ந்தது. மனைவி பாலை ஊற்றிச் சட்டியை வைத்தாள். நாங்கள் மூவரும் அரை இருட்டில் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தோம். நல்ல நேரம் முடிய முன் பால் பொங்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு நினைவில்லை.

வெளியில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. மாதக் கணக்காகப் பூட்டிக் கிடந்த கடை. ஷட்டர் முழங்காலளவுக்குத் திறந்திருக்கிறது. அடியால் கறுப்புப் புகை வருகிறது, மண்ணெண்ணெய் மணக்கிறது. உள்ளே தமிழில் தணிந்த குரல்கள்.

முதலில் சப்பாத்துகளைக் கண்டேன். ஷட்டருக்குக் கீழே ஆறு. பிறகு ஷட்டர் ஒரே இழுப்பில் மேலே போனது.

"எலியட்ட எண்ட! வெளியே வா!"

பொலிஸ் சார்ஜன் ஒருவர், துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தோம். மனைவி மட்டும் எழவில்லை. ஒரு கையைத் தூக்கி, மறு கையால் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சார்ஜன் என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் படித்தார். "கொட்டாஞ்சேனையில் பதிவு. இங்கே என்ன வேலை?"

"இந்தக் கடையை வாடகைக்கு எடுக்கிறேன், சேர்."

"உறுதி?"

"திங்கட்கிழமை."

அவர் சிப்பாய்களைத் திரும்பிப் பார்த்தார். "கடை இன்றைக்கு, கடதாசி திங்கட்கிழமை" என்றார். ஒருவன் சிரித்தான். "ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லு."

ஸ்டேஷனுக்குப் போனால் எப்போது திரும்புவது என்பது யார் கையிலும் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் பாண் வாங்கப் போய் மூன்று கிழமை கழித்து வந்தார். நான் உள்ளே இருந்தால் திங்கட்கிழமை போய்விடும், திங்கட்கிழமை போனால் கடை போய்விடும், கடை போனால் தொலைபேசிகள் போய்விடும். சுவரில் சாய்ந்திருந்த பிள்ளையாரின் பின்னால் எத்தனை வெடிப்பு என்று எண்ணத் தொடங்கினேன்.

"சொந்தக்காரி மேல இருக்காங்க, சேர்" என்றார் புரோக்கர். "கேட்டுப் பாருங்க."

டீச்சர் படியால் இறங்கி வந்தார். சத்தம் கேட்டுப் பாதி வழியில் நின்றிருப்பார் போலும், உடனேயே வந்துவிட்டார். சேலைக் கடையில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். சார்ஜன் தன் சிறு புத்தகத்தைத் திறந்து பேனையை எடுத்தார்.

"இந்த மனிதர் உங்கள் வாடகைக்காரரா?"

டீச்சர் வாய் திறக்கவில்லை.

அவருடைய மௌனத்தில் என்ன இருந்தது என்று அங்கே நின்றவர்களில் எனக்கும் புரோக்கருக்கும் மட்டும்தான் தெரியும். ஓம் என்றால் பொலிஸ்காரர் எழுதிக்கொள்வார், சேலைக் கடைக்காரர் சாட்சி. திறப்பு என் சட்டைப் பையில், அடுப்பு தரையில். உறுதியே இல்லாமல் நான் வாடகைக்காரன் ஆகிவிடுவேன், தையற்காரரைப் போல. இல்லை என்றால் நான் ஜீப்பில் ஏற வேண்டும்.

புரோக்கர் உதடு அசையாமல் தமிழில் சொன்னார்: "அந்தம்மா ஓம்னு சொன்னா கடை உங்கட, அண்ணே. நொத்தாரிசே தேவல்ல."

"வாயைப் பொத்தும்" என்றாள் என் மனைவி.

"டீச்சர்?" என்றார் சார்ஜன். "வாடகைக்காரரா, இல்லையா?"

டீச்சர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். "புத்தா, மகனே, பால் வைத்திருக்கிற இடத்தில் சப்பாத்தோட நிற்கிறீங்க" என்றார்.

சார்ஜன் குனிந்து பார்த்தார். அப்போதுதான் சட்டியையும் விளக்கையும் கண்டார் என்று நினைக்கிறேன். ஒரு அடி பின்னால் வைத்து வாசலுக்கு வெளியே நின்றார். சிப்பாய்களும் விலகினார்கள்.

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என் மனைவியை மெதுவாக ஒரு பக்கம் தள்ளி, அடுப்பின் முன் தானே குந்தினார்.

"என்னுடைய கடை. என்னுடைய பால்" என்றார், முகத்தைத் திருப்பாமல். "நல்ல நேரத்துக்குக் காய்ச்சுகிறேன். தனியாகச் செய்ய ஏலாது என்று இவர்களைக் கூப்பிட்டேன். அதை எழுதுங்க."

பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நான் திறப்பை அந்தக் கையில் வைத்தேன்.

சார்ஜன் எதையோ எழுதினார். உடனே போகவில்லை. எல்லாரும் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது பொங்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட ஒரு நேரம் அது. ஓரத்தில் நுரை கட்டி, நடுவில் எழுந்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது. வாசலில் நின்ற இளைய சிப்பாய் தொப்பியைக் கழற்றியதைக் கண்டேன். சார்ஜன் அடையாள அட்டையை என்னிடம் நீட்டி, "ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு காய்ச்சு" என்றார். போய்விட்டார்கள்.

டீச்சர் ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். என் மனைவி பிடித்துக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டு மேலே போனார். திறப்பு அவரோடு போய்விட்டது.

திரும்பி வரும் பேருந்தில் மனைவி கேட்டாள்: "அவ குந்தியிருக்கேக்க பொங்கின பால் ஆற்ற கணக்கில போகும்?"

"கடையின்ர கணக்கில" என்றேன். நான் நம்பிச் சொல்லவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. புரோக்கர் ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் நின்று, "டீச்சர் ஒண்டும் சொல்லல்ல, அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். பொலிஸ் தேடி வந்த ஆளுக்கு யார் கடை கொடுப்பார்கள்? டீச்சருக்கும் ஒரு மருமகன் முளைத்திருப்பார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆடி பிறந்தது. மனைவி கூழ் காய்ச்சினாள், நான் குடித்தேன், ருசி தெரியவில்லை.

திங்கட்கிழமை புதுக்கடைக்கு நான் நேரத்தோடு போய் நொத்தாரிசு கந்தோரின் வாங்குப் பலகையில் இருந்தேன். கூரையில் இருபத்தாறு மரச் சட்டங்கள். இரண்டாம் தரம் எண்ணிக்கொண்டிருந்தபோது டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கடை தருவேன்" என்றார், இருக்கும் முன்னமே. "பால் பொங்கின கடையை இனி வேறு ஆளுக்குக் கொடுக்க எனக்குப் பயம். ஆனால் இரண்டு வருஷம் இல்லை, ஒரு வருஷம். வருஷம் முடிகிற அன்று கடையைப் பூட்டித் திறப்பு என் கையில. ஒரு பகல் என்னிடம் இருக்கணும். பிறகு புது உறுதி, புதுத் திறப்பு. நீங்கள் தொடர்ந்து இருந்தீர்கள் என்று யாரும் சொல்லக் கூடாது."

நான் கையெழுத்துப் போட்டேன். ஜூலை முடிவதற்கு இரண்டு நாள் இருக்கையில் தொலைபேசிக்காரர் வந்து கம்பி இழுத்தார்கள்.

அடுத்த வருடம் அந்தப் பகல் வந்தது. காலையில் பூட்டி, பதினான்கு படி ஏறித் திறப்பைக் கொடுத்துவிட்டு, கடை வாசலில் வந்து நின்றேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. முதல்நாளே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், நாளைக்குக் கடை இல்லையென்று. ஆனாலும் லொட்ஜிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் ரஷ்யா வழியாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். ஒன்றரை மாதமாகச் சத்தமில்லை. நாள்தோறும் வந்து பெட்டிக்குப் பக்கத்து வாங்கில் இருந்துவிட்டுப் போவார்.

உள்ளே தொலைபேசி அடித்தது.

நாங்கள் இருவரும் ஷட்டரைப் பார்த்தோம். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"அண்ணை, உது எனக்குத்தான் அடிக்குது" என்றார் அந்த அம்மா. "திறவுங்கோவன்."

"திறப்பு மேல, அம்மா."

"பூட்டுத்தானே. உடையுங்கோ. நான் காசு தாறன்."

மூன்றாம் தரம் அடித்தது. மணிகளை எண்ணினேன்: ஒன்பது, பத்து, பதினொன்று. மேலே பார்த்தேன். யன்னலில் டீச்சர் நின்றார். அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. திரைச்சீலை விழுந்தது. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

என்னிடம் திறப்பைத் தரவில்லை. தானே குந்திப் பூட்டைத் திறந்து, தானே ஷட்டரைத் தூக்கினார். எனக்குக் கை பரபரத்தது, ஆனால் உதவிக்குப் போகவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். நான் காலெடுத்து வைக்கப் போனதும் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். உள்ளே அந்த அம்மா ரிசீவரை எடுத்து, "தம்பி? தம்பியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.